சவுண்டா, வேலிடா, பிளாசிபிளா? நியாயத்தையும் விளைவையும் எடைபோடும் ஆங்கிலப் பெயரடைகள்: முழுமையான வழிகாட்டி

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மெயில் போட்டேன். சரக்கு ஏன் பத்து நாள் தாமதமானது என்று வெளிநாட்டு சப்ளையர் ஒருவர் பக்கம் பக்கமாக விளக்கியிருந்தார். படித்துப் பார்த்தேன், நியாயமாகத்தான் பட்டது. அகராதியில் 'நம்பத்தக்க' என்று போட்டிருந்த சொல்லை எடுத்து, 'யுவர் எக்ஸ்பிளனேஷன் இஸ் பிளாசிபிள்' என்று பதில் அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் போன் வந்தது. "அப்படியென்றால் நான் கதை விடுகிறேன் என்கிறீர்களா?" என்று கேட்டார். நான் பாராட்டு என்று நினைத்து எழுதியது, அவர் காதில் 'கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, உண்மையோ என்னவோ' என்று விழுந்திருக்கிறது.

தமிழில் 'நியாயமான', 'சரியான', 'ஏற்கத்தக்க' என்று நாலைந்து சொல்லை வைத்துக்கொண்டு வாதத்தையும், ஆதாரத்தையும், ஆளையும், விளைவையும் சமாளித்துவிடுகிறோம். தொனியிலும் சூழலிலும் மிச்சம் புரிந்துவிடும். ஆங்கிலத்தில் அந்த வேலையை இருபது முப்பது சொற்கள் பங்குபோட்டுக்கொண்டிருக்கின்றன. அவற்றை ஒரே பொருள் தரும் சொற்கள் என்று அகராதிகள் பக்கத்துப் பக்கத்தில் அடுக்குவதுதான் வினை. ஒரு பெயரடையைப் போடும்போது நாம் ஒரு விஷயத்துக்கு ஜாமீன் நிற்கிறோம். எதற்கு, எவ்வளவு தூரம் என்பது சொல்லுக்குச் சொல் மாறும்.

வெறும் பட்டியலாகச் சொன்னால் மனதில் நிற்காது. அதனால் ஒரு பழைய வழக்கைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லாச் சொற்களையும் அதன்மேல் உரசிப் பார்ப்போம்.

கையில் எடுத்த வழக்கு: லண்டன், 1854

1854 ஆகஸ்ட் 31 இரவு, லண்டனின் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. அடங்குவதற்குள் 616 பேர் போய்விட்டார்கள். காலராவுக்குக் காரணம் சாக்கடையிலிருந்தும் அழுகலிலிருந்தும் கிளம்பும் கெட்ட காற்று என்பது அன்றைய மருத்துவர்களில் பெரும்பாலோரின் நம்பிக்கை. அரசாங்கச் சுகாதார வாரியமும் அதே பக்கம். ஜான் ஸ்னோ என்ற மருத்துவரோ, குடிக்கிற தண்ணீர்தான் காரணம் என்று ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இறந்தவர்களின் வீடுகளை விசாரித்துக்கொண்டே போனபோது, பெரும்பாலான வீடுகள் பிராட் தெரு அடிகுழாயைச் சுற்றியே இருந்தன. அவர் எடுத்துச் சொன்ன பிறகு, செப்டம்பர் 8 அன்று அந்தக் குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள்.

இரண்டு வாதம், குவியலாக ஆதாரம், ஒரு விளைவு. நமக்கு வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது.

முதல் படி: எதை எடைபோடுகிறீர்கள் என்று பிரியுங்கள்

'முடிவு' என்ற தமிழ்ச் சொல் இங்கே நம்மை ஏமாற்றும். பரீட்சை முடிவும் முடிவு, யோசித்து எடுப்பதும் முடிவு. ஆங்கிலத்தில் உலகத்தில் நடந்தது ரிசல்ட் அல்லது அவுட்கம். யோசித்து வந்து சேர்ந்தது கன்க்ளூஷன். சோஹோவில் சாவு குறைந்தது ரிசல்ட். 'தண்ணீர்தான் காரணம்' என்பது கன்க்ளூஷன். சவுண்ட் கன்க்ளூஷன் என்றால் சரி. நடந்துபோன ஒரு விளைவை சவுண்ட் ரிசல்ட் என்றால் காதில் உறுத்தும். வேலிட் ரிசல்ட் என்று ஆய்வுக்கூடங்களில் சொல்வார்கள். அங்கே அது 'ஒழுங்காக அளந்து எடுத்தது' என்ற பொருளில் வரும்.

ஆளைப் பற்றிச் சொல்லும்போது கதை வேறு. ஒரு மனிதரை லாஜிக்கல், ரேஷனல், ரீசனபிள், கன்சிஸ்டன்ட் என்று சொல்லலாம். கன்க்ளூசிவ் என்று சொல்ல முடியாது. ரீசனபிள் ஆள் என்றால் பேசித் தீர்க்கலாம், கொஞ்சம் விட்டுக்கொடுப்பார் என்று அர்த்தம். அதனால் ஒருவர் லாஜிக்கலாக இருந்துகொண்டே துளியும் ரீசனபிளாக இல்லாமல் இருக்கலாம். வாடகை ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் எடுத்துக்காட்டி, ஆணி அடித்த ஓட்டைக்கெல்லாம் காசு பிடிக்கும் வீட்டுக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். ரேஷனல் என்றால் உணர்ச்சியை ஒதுக்கிவைத்துக் கணக்குப் பார்ப்பவர். அதன் லத்தீன் வேரும் கணக்கு என்ற பொருள் உள்ளதுதான்.

இரண்டாம் படி: கோர்வை உறுதியா, அடிமண் உறுதியா?

இந்தப் படியில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். வேலிட், சவுண்ட் இரண்டையும் பிரிக்கத் தெரிந்தால் மற்றவை தானாக இடம் பிடித்துக்கொள்ளும்.

கெட்ட காற்றுக்காரர்களின் வாதத்தை இப்படிச் சுருக்கலாம்: நாற்றம் அடிக்கும் இடத்திலெல்லாம் காலரா வரும். சோஹோவில் நாற்றம் அடிக்கிறது. ஆகவே சோஹோவில் காலரா வரும்.

இந்த வாதம் வேலிட். முதல் இரண்டு வரியையும் ஒப்புக்கொண்டால் மூன்றாவதை மறுக்க வழியே இல்லை. வேலிட் என்று தர்க்கத்தில் சொல்வது இவ்வளவுதான்: கோர்வை சரி. முதல் வரி உண்மையா என்று அது கேட்பதே இல்லை. உண்மையா என்று கேட்டால், இல்லை. நாற்றம் மூக்கைத் துளைத்தும் காலரா வராத இடங்கள் எத்தனையோ. ஆகவே வாதம் வேலிட், ஆனால் சவுண்ட் இல்லை. கோர்வையும் சரியாக இருந்து, அடியில் போட்ட கூற்றுகளும் உண்மையாக இருந்தால்தான் சவுண்ட்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்றாவது வரி பலித்துவிட்டது. சோஹோவில் காலரா வந்தே வந்தது. முடிவு பலித்துவிட்டதால் வாதம் சவுண்ட் ஆகிவிடாது. குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்தாற்போல என்று நம் ஊரில் சொல்வது இதற்கும் பொருந்தும். பாய்ச்சல் விட்டத்தில் விழுந்தது என்பதற்காகப் பூனைக்குக் கண் தெரியும் என்று ஆகிவிடாது.

சவுண்ட் என்றதும் நமக்கு ஸ்பீக்கர்தான் ஞாபகம் வரும். சத்தம் என்ற பொருளில் வரும் சவுண்ட் லத்தீனிலிருந்து வந்தது. இது வேறு சொல். பழைய ஆங்கிலத்தில் 'ஆரோக்கியமான' என்று பொருள். ஜெர்மன் மொழியில் இன்றும் ஆரோக்கியத்துக்கு அதே இனத்துச் சொல்தான். சேஃப் அண்ட் சவுண்ட் என்பதில் இருப்பது இந்த சவுண்ட். சவுண்ட் ஸ்லீப், சவுண்ட் அட்வைஸ், சவுண்ட் ஜட்ஜ்மென்ட், உயிலில் வரும் சவுண்ட் மைண்ட், கட்டடம் பார்க்க வரும் இன்ஜினியர் சொல்லும் ஸ்ட்ரக்சுரலி சவுண்ட், எல்லாமே 'நோய் நொடி இல்லாதது, தட்டிப் பார்த்தால் கெட்டியாக இருப்பது' என்ற பொருளின் கிளைகள். இந்தப் படம் மனதில் இருந்தால் சவுண்டைத் தப்பாகப் போடவே மாட்டீர்கள்.

தர்க்கத்துக்கு வெளியே வேலிட் என்றால் 'செல்லும்': வேலிட் டிக்கெட், வேலிட் பாஸ்போர்ட். மீட்டிங்கில் 'தட்ஸ் எ வேலிட் பாயின்ட்' என்று யாராவது சொன்னால் உடனே குளிர்ந்துவிடாதீர்கள். பத்துக்கு எட்டு முறை அடுத்த சொல் 'பட்'.

இவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை கோஹீரன்ட், கன்சிஸ்டன்ட். ஒரு வாதத்தின் பாகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றால் கோஹீரன்ட். மேடையில் ஒருவர் முன்னுக்குப் பின் குழறாமல் பேசினாலும் கோஹீரன்ட்தான். முன்பு சொன்னதோடும் கையில் இருக்கும் தகவலோடும் முரண்படாமல் இருந்தால் கன்சிஸ்டன்ட். வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளர், தேம்ஸ் நதி மட்டத்திலிருந்து உயரம் கூடக் கூடக் காலரா சாவு குறைவதை 1849 கொள்ளைநோய்க் கணக்கில் காட்டினார். தாழ்வான இடத்தில்தானே கெட்ட காற்று தேங்கும்? கெட்ட காற்று வாதத்தோடு அது அச்சாகப் பொருந்தியது. ஆனால் கன்சிஸ்டன்ட் வித் என்பதற்கு அர்த்தம் 'முரண்படவில்லை' என்பது மட்டுமே. அதே கணக்கு தண்ணீர் வாதத்தோடும் முரண்படவில்லை, ஏனென்றால் தாழ்வான பகுதிகளில் நதித் தண்ணீரும் மோசம். மருத்துவ அறிக்கையில் 'காயங்கள் கீழே விழுந்ததோடு கன்சிஸ்டன்ட்' என்று எழுதியிருந்தால், விழுந்துதான் காயம் பட்டது என்று மருத்துவர் சொல்லவில்லை. விழுந்திருக்கவும் கூடும் என்கிறார். பத்திரிகைகள் இந்த இடத்தில் அடிக்கடி சறுக்குகின்றன.

மூன்றாம் படி: எவ்வளவு தூரம் ஜாமீன்?

இங்கே சொற்களைப் படிக்கட்டு மாதிரி அடுக்கலாம். ஆனால் ஒரே படிக்கட்டு இல்லை. பக்கத்தில் சின்னச் சின்னக் கிளைகளும் உண்டு.

அடிப்படியில் பிளாசிபிள். லத்தீனில் கைதட்டுவதற்கான சொல்லிலிருந்து வந்தது. கைதட்டலுக்குத் தகுந்தது என்பது பழைய பொருள். கைதட்டல் வாங்கியதெல்லாம் உண்மை இல்லை என்ற அனுபவத்தில் சொல் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, இன்று 'அப்படியும் இருக்கலாம், இன்னும் சோதிக்கவில்லை' என்ற இடத்தில் நிற்கிறது. ஆராய்ச்சிக் கட்டுரையில் 'எ பிளாசிபிள் எக்ஸ்பிளனேஷன்' மரியாதையான சொல்தான். ஒரு மனிதர் தன் நடத்தைக்குச் சொன்ன காரணத்தை முகத்துக்கு நேரே பிளாசிபிள் என்றால் சந்தேகம் தொனிக்கும். அன்று நான் எழுதியிருக்க வேண்டியது ரீசனபிள். இன்னும் எளிதாக, 'தட் மேக்ஸ் சென்ஸ்' என்று போட்டிருந்தால் போனே வந்திருக்காது.

அதற்கு மேலே பர்சுவேசிவ், கன்வின்சிங். இரண்டும் கேட்பவரின் மனதைப் பற்றியவை. பர்சுவேசிவ் என்றால் ஆளை அசைக்கும் வல்லமை. நல்ல விளம்பரமும் பர்சுவேசிவ்தான், உண்மைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. கன்வின்சிங் என்றால் நம்பவைத்தேவிட்டது. பொய்யும் கன்வின்சிங்காக இருக்கலாம். கிரிக்கெட்டில் கன்வின்சிங் வெற்றி என்பார்களே, அது சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஜெயித்தது என்ற பொருளில்.

அடுத்து கம்பெல்லிங், கோஜென்ட். இரண்டுக்கும் லத்தீன் வேரில் மாடுகளை ஒன்றாக ஓட்டிப்போவது போன்ற படம்தான்: ஓட்டுதல், சேர்த்துத் தள்ளுதல். வேறு பக்கம் போக விடாது. கம்பெல்லிங் நெருக்கித் தள்ளுகிறது. ஆதாரத்தோடும் கதையோடும் ஒட்டும். கோஜென்ட் தெளிவாலும் திடத்தாலும் இழுக்கிறது. பெரும்பாலும் வாதத்தோடும் காரணத்தோடும் ஒட்டும். கம்பெல்லிங் நாவல் உண்டு, கோஜென்ட் நாவல் கிடையாது.

வழக்கில் இவை எங்கே உட்காரும் என்று பாருங்கள். குழாய்க்குப் பக்கத்திலேயே ஓர் ஏழைகள் விடுதி. 535 பேர் இருந்தார்கள், 5 பேர்தான் இறந்தார்கள். விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. அதே தெருவில் ஒரு மதுவடிப்பு ஆலை. எழுபதுக்கு மேற்பட்ட தொழிலாளர்களில் கடுமையான காலரா யாருக்கும் வரவில்லை. அவர்கள் குடித்தது ஆலையிலேயே கிடைத்த பீர். சுற்றிலும் அதே காற்று, குடித்தது மட்டும் வேறு. இதை பர்சுவேசிவ் என்று தாராளமாகச் சொல்லலாம். அப்புறம் ஹாம்ப்ஸ்டெட்டில் இருந்த ஒரு விதவை. காலராவே எட்டாத, மைல் கணக்கில் தள்ளி இருந்த இடம். முன்பு பிராட் தெருவில் வசித்தவர். அந்தத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய்த் தினமும் வண்டியில் ஒரு பாட்டில் வரவழைத்துக் குடித்தார். செப்டம்பர் 2 அன்று காலராவில் இறந்தார். பார்க்க வந்து அதே தண்ணீரைக் குடித்துவிட்டு இஸ்லிங்டனுக்குத் திரும்பிய உறவுப் பெண்ணும் இறந்தார். இது கம்பெல்லிங்.

ஸ்னோவின் வாதத்தைக் கோஜென்ட் ஆக்கியது இன்னொரு கணக்கு. தென் லண்டனில் இரண்டு நிறுவனங்கள் ஒரே தெருக்களில் அடுத்தடுத்த வீடுகளுக்குத் தண்ணீர் கொடுத்துவந்தன. லாம்பெத் நிறுவனம் 1852இல் நகரத்துச் சாக்கடை கலக்காத மேல்நதிக்குத் தன் உறிஞ்சுகுழாயை மாற்றிவிட்டது. சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால் மாற்றவில்லை. 1854இல் பத்தாயிரம் வீடுகளுக்கு முன்னதில் 37 சாவு, பின்னதில் 315. ஒரே தெரு, ஒரே காற்று, வேறு வேறு குழாய்.

இதுவும் போதாதா என்று தோன்றும். ஆனால் சுகாதார வாரியத்தின் விஞ்ஞானக் குழு 1855இல் ஸ்னோவின் வாதத்தை ஏற்கவில்லை. அவர்கள் கண்ணில் அது கன்க்ளூசிவ் இல்லை. கன்க்ளூசிவ் என்பது கதவைச் சாத்திவிடும் சொல். இதற்குமேல் பேச்சே கிடையாது. கிருமியை யாரும் காட்டவில்லை என்றவரை கதவு ஒரு விரல் திறந்துதான் இருந்தது. (அதே 1854இல் இத்தாலியில் பச்சினி என்பவர் அதை நுண்ணோக்கியில் பார்த்து எழுதியும் வைத்திருந்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை.) 1884இல் ராபர்ட் காக் கல்கத்தாவில் கிருமியைப் பிரித்தெடுத்து உறுதி செய்தபோது ஸ்னோ இறந்து 26 வருஷம் ஆகியிருந்தது.

இந்த ஒரு காரணத்துக்காகவே கன்க்ளூசிவ் என்ற சொல்லைக் கஞ்சத்தனமாகச் செலவழியுங்கள். வாட்டர்டைட், ஏர்டைட், அயன்கிளாட் மூன்றும் அதே உயரத்தில் இருப்பவை, கொஞ்சம் பேச்சு வாடை உள்ளவை. ஓட்டையே இல்லை என்று பொருள். சாட்சியம், ஒப்பந்தம், 'அந்த நேரத்தில் நான் அங்கே இல்லை' என்ற வாதம் இவற்றோடு வரும்.

பக்கக் கிளையில் இரண்டு. ரிகரஸ் என்பது முடிவைச் சொல்லாது, முறையைச் சொல்லும்: எந்த மூலையையும் விடாமல் சோதித்தது. ரிகரஸாக ஆராய்ந்தும் தப்பான முடிவுக்கு வரலாம். டெனபிள் என்றால் தாக்குப்பிடிக்கக் கூடியது. கோட்டையை எதிரியிடம் விடாமல் பிடித்துவைப்பது போல. நான் ஒத்துக்கொள்கிறேன் என்று அதற்கு அர்த்தமில்லை, 'இந்த நிலைப்பாட்டில் ஒருவர் நிற்கலாம்' அவ்வளவே. நேர்மையான எதிராளிக்குக் கொடுக்க நல்ல சொல்.

நான்காம் படி: விளைவைச் சொல்லும்போது பழி எங்கே விழுகிறது?

குழாயின் கைப்பிடி கழன்றது. பிறகு சாவு குறைந்தது. பாடப்புத்தகப் படம் அத்தோடு முடிந்துவிடும். ஆனால் அதற்கு முன்னாலேயே சாவு குறையத் தொடங்கிவிட்டது, ஜனங்கள் ஊரைக் காலி செய்து ஓடியதும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஸ்னோவே எழுதியிருக்கிறார். தன் கட்சிக்குப் பாதகமானதைத் தானே சொன்ன மனிதர். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான்.

ஆங்கிலத்தில் இதை எப்படி எழுதுவது? சப்சிக்வென்ட் டிக்ளைன் என்றால் 'அதன் பிறகு வந்த சரிவு'. காலத்தை மட்டும் சொல்கிறது. கான்சிக்வென்ட் டிக்ளைன் என்றால் 'அதனால் வந்த சரிவு'. காரணத்தைக் கட்டிவிடுகிறது. கைப்பிடி விஷயத்தில் சப்சிக்வென்ட் என்பதுதான் நேர்மை. காதில் ஒரே மாதிரி ஒலிக்கும் இந்த இரண்டும் அலுவலக அறிக்கைகளில் தலையெழுத்தை மாற்றும். 'அப்டேட் போட்ட பிறகு சிஸ்டம் நின்றது' என்பதற்கும் 'அப்டேட் போட்டதால் நின்றது' என்பதற்கும் நடுவில் ஒருவரின் வேலை இருக்கிறது. விசாரணை முடியும்வரை சப்சிக்வென்ட், முடிந்து காரணம் தெரிந்த பிறகு கான்சிக்வென்ட். கான்சிக்வென்டுக்குப் பின்னால் வர வேண்டியது ஆன் அல்லது அப்பான். சப்சிக்வென்டுக்குப் பின்னால் டு.

என்ஸ்யூயிங் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். அடுத்தடுத்து வந்தது, கொஞ்சம் காரணமும் தொனிக்கும்: சண்டை மூண்டது, என்ஸ்யூயிங் குழப்பத்தில் பர்ஸ் தொலைந்தது. ரிசல்டிங் சாதாரண எழுத்துக்கு எல்லா இடத்திலும் ஓடும். ரிசல்டன்ட் கொஞ்சம் விறைப்பானது. இயற்பியலில் தொகுபயன் விசைக்கு அதுதான் பெயர்.

நேச்சுரல், லாஜிக்கல், இனெவிடபிள் மூன்றையும் எடுத்துக்கொண்டால், நேச்சுரல் விளைவு இயல்பாக நடந்தது, யாரும் திட்டமிட வேண்டியதில்லை. லாஜிக்கல் விளைவு, முன்னால் நடந்ததைப் பார்த்தவர் யோசித்தால் எதிர்பார்த்திருக்கக் கூடியது. நல்லதா கெட்டதா என்பதை அது பேசாது. சாக்கடை விழும் இடத்திலேயே குடிநீரை உறிஞ்சினால் காலரா லாஜிக்கல் அவுட்கம்தான். லாஜிக்கல் நெக்ஸ்ட் ஸ்டெப் என்பது அலுவலகத் தேவாரம், விட்டுவிடலாம். இனெவிடபிள் என்றால் தவிர்க்கவே முடியாதது. நடந்து முடிந்த பிறகு எல்லாமே இனெவிடபிள் போலத் தெரியும், ஜாக்கிரதை. ஃபோர்கான் கன்க்ளூஷன் என்பது கேட்கும்போதே முடிவு தெரிந்துவிட்ட விஷயம். பெரும்பாலும் வேலைக்கான நேர்காணலோ தேர்தலோ கண்துடைப்பாக நடக்கும்போது சொல்வது.

கடைசியாக ஒரு கண்ணி. கான்சிக்வென்ஷியல் என்றால் ஒன்று 'பின்விளைவாக வந்த', இன்னொன்று 'முக்கியமான'. செய்திக் கட்டுரையில் கான்சிக்வென்ஷியல் தீர்ப்பு என்றால் பெரிய பாதிப்பை உண்டாக்கும் தீர்ப்பு. இன்சூரன்ஸ் பாலிசியில் கான்சிக்வென்ஷியல் லாஸ் என்றால், கடை எரிந்தது போக, கடை மூடிக் கிடந்த மாதங்களில் போன வருமானம் போன்றவை. சாதாரணத் தீ விபத்துப் பாலிசியில் அது சேராது. தனியாக வாங்க வேண்டும். ஒரு பெயரடையைச் சரியாகப் படிக்காததால் லட்சக்கணக்கில் போகக் கூடிய இடம் இது.

ஐந்தாம் படி: குறை சொல்வது

எதிர்ச்சொற்களில் முன்னொட்டு 'இன்' வகையா 'அன்' வகையா என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும்: இல்லாஜிக்கல், இர்ரேஷனல், இன்வேலிட், இன்கன்க்ளூசிவ், இன்கன்சிஸ்டன்ட், இன்கோஹீரன்ட், இம்பிளாசிபிள், அன்சவுண்ட், அன்ரீசனபிள், அன்டெனபிள். இன்வேலிட் என்பதில் 'வே' அழுத்தி உச்சரித்தால் செல்லாதது. முதல் அசையை அழுத்தினால் நோயாளியைக் குறிக்கும் பழைய பெயர்ச்சொல் ஆகிவிடும். இப்போது அது மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது.

இவற்றை விடச் சுவையானவை தனிச் சொற்கள். ஃபலேஷியஸ் என்றால் கோர்வையிலேயே பிழை. இதற்குத் தமிழில் அழகான சொல் இருக்கிறது: ஏதுப்போலி. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் தர்க்கத்தை விளக்கும்போது பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று பிரித்துப் பிரித்துச் சொல்கிறார். ஏது என்றால் காரணம்; காரணம் மாதிரி வேஷம் போட்டு நிற்பது ஏதுப்போலி. ஃபலேஷியஸ் ரீசனிங்கை மொழிபெயர்க்க வேண்டி வந்தால் 'தவறான வாதம்' என்று சப்பென்று எழுதாமல் போலி என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள், பொருள் நறுக்கென்று நிற்கும்.

ஸ்பீஷியஸ் லத்தீனில் 'அழகான'. இன்று, மேலுக்குப் பளபளத்து உள்ளே சொத்தையான வாதம். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை என்பது இதற்கென்றே சொன்னது போல இருக்கிறது. ஸ்பூரியஸ் என்றால் பிறப்பிலேயே போலி. புள்ளியியலில் ஸ்பூரியஸ் கோரிலேஷன் என்பது இரண்டு எண்கள் சேர்ந்து ஆடுகின்றன, ஆனால் ஒன்று மற்றதற்குக் காரணம் இல்லை. வில்லியம் ஃபார் காட்டிய உயரக் கணக்குக்கு இது பொருந்தும்: எண்ணில் தப்பில்லை, உயரம் காரணமில்லை. ஃபாரும் பிடிவாதக்காரர் இல்லை. 1866இல் கிழக்கு லண்டனில் காலரா வந்தபோது அவரே தண்ணீர்க் குழாயைத் தேடிப் போனார்.

டென்யூவஸ் என்றால் நூல் மாதிரி மெலிந்த தொடர்பு. ஃபார்ஃபெட்ச்ட் என்றால் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு. சர்க்குலர் என்றால் செக்குமாடு: எங்கே கிளம்பியதோ அங்கேயே வந்து நிற்கும். 'காலரா கெட்ட காற்றால் வருகிறது. எப்படித் தெரியும்? காலரா வந்த இடமெல்லாம் காற்று கெட்டிருந்தது. கெட்டிருந்தது என்று எப்படித் தெரியும்? அங்கே காலரா வந்ததே!'

இத்தனையும் அச்சில் அடிக்கும் சொற்கள். மெயிலில் வேண்டாம். யாருடைய வாதத்தையும் அவரிடமே ஸ்பீஷியஸ் என்று எழுதினால் உறவு முடிந்தது. 'நாட் என்டயர்லி கன்வின்சிங்', 'தி எவிடன்ஸ் இஸ் இன்கன்க்ளூசிவ்' என்று நல்ல சொல்லை எடுத்து அதில் ஒரு மறுப்பைச் சேர்ப்பதுதான் ஆங்கிலேயர்கள் வழக்கம். நமக்கு மழுப்பலாகத் தெரியும், அவர்களுக்கு அது பலத்த மறுப்பு.

ஆறாம் படி: முன்னால் எதை ஒட்டுவது

இந்தப் பெயரடைகளுக்கு முன்னால் வழக்கமாக ஒட்டி வருபவை இவை: பர்ஃபெக்ட்லி லாஜிக்கல், பர்ஃபெக்ட்லி வேலிட், பர்ஃபெக்ட்லி ரீசனபிள். என்டயர்லி பிளாசிபிள், ஹைலி பிளாசிபிள். இன்டர்னலி கன்சிஸ்டன்ட். லாஜிக்கலி சவுண்ட். வேலிட், கன்க்ளூசிவ் இரண்டும் உண்டு அல்லது இல்லை என்ற ரகம். முறையான எழுத்தில் முன்னால் வெரி போடாதீர்கள். பேச்சில் வெரி வேலிட் பாயின்ட் சர்வசாதாரணம், அதை யாரும் கேட்க மாட்டார்கள்.

ஏழாம் படி: ஒரு கடிதத்தில் போட்டுப் பார்ப்போம்

எங்கள் குடியிருப்பில் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. இன்சூரன்ஸுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதச் சங்கத்தில் ஒருவர் முன்வந்தார். அவர் வரைவின் சாரம் இது:

'ஜூன் மாதம் வயரிங் மாற்றினோம். கான்சிக்வென்ட் ஆக மோட்டார் எரிந்தது. எலக்ட்ரீஷியன் சொன்னது மின்னழுத்தம் ஏறியதால் என்று. அது மிகவும் பிளாசிபிள். பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜும் அன்றே போனது கன்க்ளூசிவ் ஆதாரம். ஆகவே எங்கள் கோரிக்கை லாஜிக்கல்.'

ஒவ்வொரு சொல்லாகத் தட்டிப் பார்த்தோம். கான்சிக்வென்ட் என்று போட்டதும் பழி நாங்கள் மாற்றிய வயரிங்மேல் விழுந்துவிட்டது. பாலிசியே கைவிட்டுப் போகலாம். வயரிங் மாற்றியதை மறைக்கவும் கூடாது. சப்சிக்வென்ட் ஆக்கினோம். பிளாசிபிள் என்றால் நாங்களே எலக்ட்ரீஷியனைச் சந்தேகப்படுவது போல் இருந்தது. அவர் சொன்னது மீட்டரில் பதிந்திருந்த அழுத்தத்தோடு பொருந்தியது, அதனால் கன்சிஸ்டன்ட் வித் என்று மாற்றி மீட்டர் கணக்கையும் இணைத்தோம். ஃப்ரிட்ஜ் கன்க்ளூசிவ் ஆகாது, பழைய ஃப்ரிட்ஜ் தானாகவும் போயிருக்கலாம். ஆனால் அதே பத்து நிமிஷத்தில் கீழ் வீட்டு டிவியும் போயிருந்தது தெரியவந்தது. இரண்டையும் சேர்த்து கம்பெல்லிங் என்று எழுதினோம். கோரிக்கையை லாஜிக்கல் என்று எதற்குச் சொல்ல வேண்டும்? ரீசனபிள் என்று மாற்றலாமா என்று கேட்டார். வேண்டாம், அந்தப் பெயரடையை எடுத்துவிடுங்கள், தொகையை மட்டும் எழுதுங்கள் என்றேன்.